பாசிக்கு எத்தனை பல்?

மைக்ராஸ்கோப் தரையில் கிடந்தது.

பக்கத்தில் மச்சான் கிடந்தார்!

அடித்தவன் லென்ஸ். கழுத்தில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி தொங்குவதால் பாசி ஆராய்ச்சிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் அது. கிடந்தவர் அவனுடைய அக்கா புருஷன். அவரும் பாசிக்காரர்தான். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

நடந்தது இதுதான். காலையில் மரப்பட்டையிலிருந்து பறித்த பாசியை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில் பீற்றிக்கொண்டிருந்தார்.

"காம்பு நுனியில குப்பி இருக்குல்ல? மூடி கழண்ட வாயில பதினாறு பல்லு! உலகத்துக்கே புதுசு! என் பேரையே வைக்கப் போறேன்!"

லென்ஸ் பூனை போல் உள்ளே வந்தான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். எண்ணினான்.

நாலு... நாலே நாலு!

புத்தகத்தில் எப்போதோ ஏறிவிட்ட பழைய பாசி! அதற்கு இந்த ஆள் பெயரா?

ணங்!

கைரேகையைத் துடைத்தான். வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் குளித்தான்.

மதியம் இரண்டு மணிக்குப் போன் அலறியது.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க மச்சானை யாரோ மண்டையில அடிச்சுப் போட்டுட்டாங்க. அவரோட லேபுக்குக் கொஞ்சம் வர்றீங்களா?"

போனான். மேஜைக்கு அந்தப் பக்கம் பெண் இன்ஸ்பெக்டர். கையில் மடித்து ஒட்டிய ஒரு காகிதப் பொட்டலம்.

"இன்னைக்கு இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"வீட்டை விட்டே வெளிய வரல மேடம். பாவம் மச்சான்... பாடி எங்க?"

"ஆஸ்பத்திரில. இது மைக்ராஸ்கோப்புல இருந்த புல்லு."

"புல் இல்ல மேடம், பாசி."

"ஏதோ ஒண்ணு. குட்டியா ஒரு பூ கூட இருக்கு."

"பாசி பூக்காது. அது குப்பி!"

'வாயை மூடுடா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் லென்ஸ். மூடினால் தப்பித்தான். திறந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அவ்வளவு சுலபமான கணக்கு!

இன்ஸ்பெக்டர் சாவகாசமாக ஒரு நோட்டைப் புரட்டினார்.

"இலையில நடுநரம்பு கிடையாது..."

இருக்கிறது! தடியாக இருக்கிறது! லென்ஸ் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தான்.

"இலை நுனி உருண்டை..."

கூர்! ஊசி மாதிரி கூர்! உதட்டைக் கடித்தான்.

"குப்பி வாயில பல்லு... பதினாறு."

"நாலு!"

லேப் அதிர்ந்தது.

"நாலு மேடம், நாலு! என் ரெண்டு கண்ணால எண்ணினேன்!"

"எப்போ?"

லென்ஸ் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"பறிச்சதே இன்னைக்குக் காலையில. நீங்க வீட்டை விட்டே வரல. பொட்டலத்தை நான் இன்னும் பிரிக்கவே இல்லையே?"



"பொதுவா... இந்த வகைக்கு..."

"எந்த வகைன்னு நான் சொன்னேனா?"

கையில் விலங்கு ஏறியது. அவன் தலை தொங்கியது.

"பாசியப் பத்தி இவ்வளவு சூட்சுமம் உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? பாடி சொல்லிக் குடுத்துச்சு."

"எ... என்னது?"

"தலையில ஏழு தையல். ஒரு மணிக்கே முழிச்சுட்டார். அடிச்சது யாருன்னு அவர் பார்க்கல. ஆனா, 'என் மச்சினன் மேலதான் சந்தேகம். பாசியைப் பத்தித் தப்புத் தப்பா வாசிங்க. பதினாறுன்னு கேட்டதும் அவன் குதிப்பான்'னார்."

தான் கொலைகாரன் இல்லை என்றதும் லென்ஸுக்கு உயிர் வந்தது. முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் கூடப் பரவியது.

"அப்போ... மச்சானே நாலுன்னு ஒத்துக்கிட்டாரா மேடம்?"

"ஊஹூம். இலை மட்டும்தான் தப்பா வாசிச்சேன். பல்லு பதினாறேதான்னு அடிச்சுச் சொல்றார்!"

லென்ஸ் தரையில் கிடந்த மைக்ராஸ்கோப்பைப் பார்த்தான். விலங்கு மாட்டிய இரண்டு கைகளையும் நீட்டினான்.

"மேடம்... ஒரே ஒரு நிமிஷம் இதைக் கழட்டுங்க. முதல் அடி சரியா விழல!"