ஊக்கு குத்திய பை

பை தைக்கும் அம்மாள் வந்து உட்கார்ந்ததும் இரண்டு கைப்பைகளை மேசைமேல் வைத்தார்.

"இது நான் தைச்சது. இன்னும் விற்பனைக்கே வரலை. இன்னொண்ணு கடைத்தெருவில சூட்கேஸ் விக்கிற பெரிய கடையில வாங்கினது. மூணாவது தடவையா என் டிசைன் இப்படி வெளியே போகுது."

சர்வேயர் பைகளைத் தொடாமல் பார்த்தார். எரிந்த கிடங்குகளையும் நொறுங்கிய கார்களையும் காப்பீட்டு நிறுவனத்துக்காக முப்பது வருடம் ஆராய்ந்தவர். வேலை ஓய்ந்தும் அந்தப் புத்தி ஓயவில்லை. பக்கத்தில் அவருடைய மருமகன். எதிலும் முந்திக்கொள்வதால் வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு பைகளும் ஒரே அளவு, ஒரே மடிப்பு. அம்மாள் தைத்த பையின் மூடியில் மரப் பொத்தான் இருந்தது. கடைப் பையில் அதே இடத்தில் பளபளவென்று ஒரு பெரிய ஊக்கு.

"யார் மேல சந்தேகம்?" என்று அவசரம் கேட்டான்.

"சொல்லவே வாய் கூசுது. என் நாத்தனார்தான். ஒன்பது வருஷமா அவதான் எனக்குத் துணி வெட்டித் தரா. மாதிரிப் பை எங்க ரெண்டு பேர் கையைத் தாண்டிப் போகாது. புருஷன் போனதுலேர்ந்து எங்க வீட்டு மாடியிலதான் இருக்கா. அவதான்னு உறுதியாச்சுன்னா வேலையும் கிடையாது, மாடியும் கிடையாது."

அவசரத்தைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மாமனார்தான் விடவில்லை.

"வேற யார்கிட்டயும் காட்டலையா?"

"மனுஷங்க யார்கிட்டயும் இல்லைங்க. ஏஐ உதவியாளர்கிட்ட மட்டும் போட்டோ கொடுத்து, இதே மாதிரி எங்கயாவது விக்குதான்னு தேடச் சொல்வேன். கடைகள்ல தேடறதுக்கும் நம்ம இணையப் பக்கத்துல பதிவு போடறதுக்கும் கம்ப்யூட்டர்காரர் அதை இணைச்சுக் கொடுத்தார். ஆனா அது அரைக்கிறுக்கு. ஜிப் தேடினா, போன தடவை பார்த்த சூட்கேஸ் சக்கரம் வேணுமான்னு கேக்குது. நான் ஜென்மத்துல சக்கரம் தேடினதில்லை."

சர்வேயர் மெல்லத் தலையாட்டினார். "நாளைக்குக் காலையில வரோம். அந்தக் கம்ப்யூட்டர்காரரையும் வரச் சொல்லுங்க."

மறுநாள் தையலறையில் அவசரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நாத்தனாரையே பார்த்தான். அவள் கத்தரியைக் கீழே வைத்தாலும் சந்தேகமாக இருந்தது, எடுத்தாலும் சந்தேகமாக இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது குடிக்கலாமா என்றுகூட யோசித்தான்.

சர்வேயர் கடைப் பையை அவளிடம் நீட்டினார். "இந்த ஊக்கு எதுக்கும்மா?"

அவள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஐயோ, இது நான் குத்தினதாச்சே! அன்னிக்குப் பொத்தான் வந்து சேரலை. போட்டோ எடுக்கறப்ப மூடி திறந்துக்காம இருக்கட்டும்னு ஒரு ஊக்கைக் குத்திட்டு, எடுத்ததும் கழட்டிட்டேன். இதையுமா அழகுன்னு நினைச்சு வச்சிருக்காங்க?"

"கேட்டீங்களா மாப்பிள்ளை? இவங்க காட்டிக்கொடுத்திருந்தா ஊக்கு வேண்டாம்னும் சேர்த்தே சொல்லியிருப்பாங்க. இதைத் தைச்சவன் பையைப் பார்க்கலை, போட்டோவைத்தான் பார்த்திருக்கான்."

"போட்டோ ஏஐகிட்ட மட்டும்தானே போச்சு மாமா?"

"ஏஐ தேடறது ஒரு இணையக் கணக்கு வழியா. அது யாரோட கணக்கு? இவங்களுக்குச் சக்கரம் தேவையில்லை. சூட்கேஸ் கடைக்காரருக்குத் தேவை. அவர் தேடினது இங்கே தெரியுதுன்னா, இவங்க தேடினது அங்கேயும் தெரியும்." சர்வேயர் திரும்பினார். "என்னங்க கம்ப்யூட்டர்காரரே, ரெண்டு கடைக்கும் ஒரே கணக்கா?"

கம்ப்யூட்டர்காரர் திருதிருவென்று விழித்தார். "தனித்தனியா எடுத்தா மாசாமாசம் செலவு சார். என் கணக்கையே ரெண்டு இடத்துலயும் போட்டுட்டேன். இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலை."

"ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா காசு வாங்கறப்ப நினைச்சிருக்கலாம். அந்தக் கணக்கைத் திறங்க."

நாத்தனாரின் சிரிப்பு அடங்கியிருந்தது. "அண்ணி, என்னையா சந்தேகப்பட்டீங்க?"

அம்மாள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை முட்டியது. "நேத்து ஒருநாள் புத்தி கெட்டுப்போச்சும்மா. அதுக்கு முன்னாடி உன்னைத் தப்பா நினைச்சதே இல்லை."

"ஒருநாள்தானே, விடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். நிஜமாகவே விட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவசரத்துக்கு வெட்கமாக இருந்தது. அவள் கொடுத்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

கம்ப்யூட்டர் திரையில் கணக்கு திறந்தது. தேடல்களும் பதிவுகளும் தேதி வாரியாக ஒரே பட்டியலில் கிடந்தன. ஊக்கு குத்திய பையின் போட்டோ, சூட்கேஸ் சக்கரம், ஜிப், பூட்டு என்று இரண்டு கடைகளும் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிடும் ஆசையில் அவசரம் பட்டியலைக் கீழே கீழே தள்ளினான்.

"இங்கே வெளியிடாம வச்சிருக்கிற பதிவு ஒண்ணு இருக்கு மாமா. மூணு வாரம் முன்னாடி எழுதினது. 'துணி வெட்டத் தெரிந்த பெண் உடனே தேவை...'"

சர்வேயர் கையை உயர்த்தினார். அதற்குள் அவசரம் மீதியையும் படித்துவிட்டான்.

"'மாடியில் தங்க அறை தரப்படும்.'"

நாத்தனார் அண்ணியின் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"நம்ம மாடியில ஒரு அறைதானே அண்ணி இருக்கு?" என்று கேட்டாள்.