ரோஸ் நிறக் கூலன்ட்

அந்தப் பெரிய பிழையைத் தனுஜா மிகவும் பெருமையோடுதான் செய்தாள்.

சனிக்கிழமை காலை. பல்லேகலயில் அவர்கள் வீட்டு முற்றத்தில் அப்பாவின் நீல லொறி நின்றது. தனுஜாவைவிட அதற்கு இருபது வயது கூட. அன்றைக்கு அது ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகள் உட்காரக் கதிரைகள் கொண்டுபோக வேண்டும்.

“கூலன்ட் குறைஞ்சிருக்கு, ஊத்தணும்” என்று சொல்லிவிட்டு அப்பா சதீஸ்குமார் குளிக்கப் போனார்.

எஞ்சின் கொதித்துவிடாமல் காப்பாற்றுவதுதான் கூலன்ட். அதை எங்கே ஊற்றுவது என்று தனுஜாவுக்குத் தெரியும். அப்பாவின் பச்சைக் கூலன்ட் கேனின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. பக்கத்திலேயே மாமாவின் புது வேனுக்கு வாங்கிய ரோஸ் நிறக் கூலன்ட் கேன் நிறைய இருந்தது. இரண்டையும் ஒரு ஜக்கில் கலந்து ஊற்றினாள்.

“நீயா ஊத்தின? அரை மெக்கானிக் ஆயிட்டியே!” என்று சிரித்தார் அப்பா. பத்து மணிக்கு லொறி புறப்பட்டது. தனுஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஜக்கைக் கழுவ எடுத்தாள். வெயிலில் கிடந்த ஜக்கின் அடியில் ஏதோ கொழகொழவென்று ஒட்டியிருந்தது. ஒரு குச்சியால் தொட்டாள். ஜெலி போல ஆடியது.

உடனே ரோஸ் கேனைத் திருப்பி, அதிலிருந்த சின்ன எழுத்துகளை வாசித்தாள்.

‘புதிய எஞ்சின்களுக்கு மட்டும். வேறு வகையுடன் கலக்க வேண்டாம்.’

இந்த ஜெலி லொறிக்குள்ளும் உண்டானால்? ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் கொதிக்கும். தெல்தெனியவைத் தாண்டினால் ஒரே ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

அதைவிடப் பயங்கரமான ஒன்றும் நினைவுக்கு வந்தது. எஞ்சின் கொதித்தால் ஆறும்வரை காத்திருக்கும் பொறுமை அப்பாவுக்குக் கிடையாது. துணியைச் சுற்றி, உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடுவார். போன வருடம் அப்படித் திறந்து, கொதிநீர் பீறிட்டு, கை வெந்துபோனது.

‘சொல்லாமல் விட்டால் என்ன? ஒன்றும் நடக்காமலும் போகலாமே’ என்று ஒரு குட்டி யோசனை வந்தது. ஆனால் அப்பாவின் கையில் இருந்த தழும்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. குசினிக்கு ஓடினாள்.

“அம்மா, நான் பிழையான கூலன்ட் ஊத்திட்டேன். லொறி கொதிக்கப் போகுது!”

அம்மா யசோதா கரண்டியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடியும் எடுத்தார். பதிலே இல்லை. லொறி ஓட்டும்போது அப்பா போனைத் தொட மாட்டார். அந்த நல்ல பழக்கத்தின் மேல் தனுஜாவுக்கு அழுகையும் கோபமுமாக வந்தது.

“இப்ப என்ன செய்றது?” அம்மா மறுபடியும் நம்பரை அழுத்தினார்.

தனுஜா சுவரைப் பார்த்தாள். அப்பா டயர் மாற்றும் கடையின் கலண்டர் தொங்கியது. கடைக்காரரை எல்லோரும் ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அம்மா! ஹாஷிம் நானா கடை தெல்தெனியவில ரோட்டோரத்துலதானே இருக்கு! அப்பா அதைத் தாண்டித்தானே மலை ஏறணும்! கலண்டர்ல நம்பர் இருக்கு!”

அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போனது. இரண்டாம் தடவைதான் ஹாஷிம் நானா பேசினார். தனுஜா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“என்ன நிற லொறி மகள்?”

“நீலம்!”

“யா அல்லாஹ்! இப்பதானே ஒரு நீல லொறி போச்சு!”

தனுஜா உடனே கேட்டாள்: “அதுல... கதிரை ஏத்தியிருந்துச்சா?”

“கதிரை இல்ல. சீமெந்து.”

“அப்ப அது அப்பா இல்ல! நீங்க நிப்பாட்டுங்க நானா. ஆறும்வரைக்கும் மூடியத் திறக்க வேணாம்னும் சொல்லுங்க!”

“பயப்பட வாணாம். நான் ரோட்டுக்குப் போறன்.” போன் நின்றது.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அடுப்பில் கறி அடிப்பிடித்து வாசம் வந்தது. அம்மாவும் மகளும் போனைப் பார்த்தபடியே நின்றார்கள்.

போன் அடித்தது.

“தனு, ஹாஷிம் நானா நடுரோட்டுல சிவப்புத் துவாயை ஆட்டிக்கிட்டுக் குதிக்கிறாரு. மாடு ஏதும் துரத்துதோன்னு நெனச்சேன்!”

அப்பாவின் குரல்தான். தனுஜா விம்மி விம்மி அழுதாள். “மூடியத் திறந்திடாதீங்கப்பா!”

“திறக்கல. சூடு காட்டுற முள்ளு மேலதான் நிக்குது. மலையில கொஞ்சம் ஏறியிருந்தா கொதிச்சிருக்கும். ஆறட்டும், நான் காத்திருக்கேன்.”

எஞ்சின் ஆறியதும் எல்லாவற்றையும் வடித்து, இரண்டு தடவை கழுவி, பழைய எஞ்சினுக்கு உரிய கூலன்டை ஊற்றினார்களாம். கதிரைகள் பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தன.

இரவு அப்பா வந்தபோது தனுஜா கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்பா ஒரு புதுக் கேனை அவள் முன்னால் வைத்தார்.

“திங்கக்கிழமை கம்பளைக்குப் போறேன். நீதான் ஊத்தணும்.”

“நானா? இன்னிக்கு இவ்வளவு பெரிய பிழை விட்டேனே!”

“அதை நீயே சொல்லிட்டியே. வேற யார நான் நம்புறது?”

திங்கட்கிழமை காலை, பள்ளிச் சீருடையோடு லொறி முன்னால் நின்று, கேனில் இருந்த எழுத்துகளைத் தனுஜா சத்தமாக வாசித்தாள். மறுபடி வாசித்தாள். மூன்றாவது தடவையும் தொடங்கினாள்.

“ஊத்தும்மா,” என்றார் அப்பா. “லொறி ஏற்கனவே பழசு. நீ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள இன்னும் பழசாயிடும்!”