றிஸ்பாவின் கிணற்றில் டீசல்

காலை ஆறரை மணி. நீராவிப்பிட்டியில் றிஸ்பா தூக்கிய முதல் வாளியிலேயே டீசல் மினுங்கியது. சண்டைக் காலத்தில் துரத்தப்பட்டுப் போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, காடு வெட்டி, கல் பொறுக்கி உண்டாக்கிய மிளகாய்த் தோட்டத்துக்கு அந்த ஒரு கிணறுதான். அது போனால் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஏழரைக்குத் தேனுகா ரீச்சர் வந்து எட்டிப் பார்த்தாள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஆவணப் படங்களைத் தேடிப் பிடித்து, வாரம் ஒன்றாக ஊர் வட்ஸ்அப் குழுவுக்குப் பரிந்துரைப்பவள் அவள். போன வாரம் அனுப்பியது ஆற்று மணல் களவு பற்றிய படம். அதில் பேசியவள் றிஸ்பா. படம் ஊரைக் கலக்கியது. மணல் ஏற்றும் டிப்பர் லொறிகளைப் பொலிஸ் மறித்தது.

முகத்தை மறைப்பதாகச் சத்தியம் பண்ணித்தான் படமெடுத்தார்கள். ஆனால் படம் இணையத்தில் ஏறிய அன்று காலை முகம் அப்பட்டமாகத் தெரிந்தது. தேனுகா இயக்குநருக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். மதியத்துக்குள் அதே இணைப்பில் முகம் வெறும் புகைமூட்டம், குரல் மெஷின் குரல். அதற்குப் பிறகே குழுவுக்கு அனுப்பினாள்.

"அப்ப மகள், என்னை ஆருக்குத் தெரிஞ்சது?" என்று கேட்டாள் றிஸ்பா.

எட்டரைக்குத் தேனுகா டிப்பர் சாரதி ஜெயந்தனைப் பிடித்தாள். வேலையில்லாமல் வாசலில் குந்தியிருந்தான்.

"படம் பாத்தனியோ?"

"ஓம் ரீச்சர். நீங்கள் அனுப்பினதை அமத்திப் பாத்தனான்."

"பேசினது ஆரெண்டு தெரிஞ்சதோ?"

"ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டே விளங்கேல்லை. தெரிஞ்சிருந்தா நேரை போய்ச் சண்டை பிடிச்சிருப்பன்."

"ஆரின்ர டிப்பர் ஓடுறனி?"

"போன் கடை குகதாசன் அண்ணையின்ர மச்சான்ரை."

ஒன்பதரைக்கு முள்ளியவளைச் சந்தி. டேட்டாவைக் கரைக்க மனமில்லாத சனம் குகதாசனின் கடையில்தான் போனுக்குள் படம் போட்டுக்கொள்ளும். எந்தப் படம் வந்தாலும் வந்த கையோடு இறக்கி வைப்பது அவன் தொழில்.

"கேள்விப்பட்டன் ரீச்சர். நாசமாப் போவாங்கள்!" என்று உச்சுக் கொட்டினான். "அந்தப் படத்தைப் பாத்துமோ இப்பிடிச் செய்ய மனம் வந்தது? கன்னத்தாலை கண்ணீர் ஓடுது, மனுசி துடைக்கக்கூட இல்லை."

தேனுகா போனைக் கையில் எடுத்தாள்.

"எந்தப் படத்திலை அண்ணை?"

"நீங்கள் அனுப்பினதிலைதான்."

தன் போனில் இணைப்பை அமத்தி அவன் முன்னால் வைத்தாள். "அந்தக் கண்ணீரை ஒருக்காக் காட்டுங்கோ."

புகைமூட்டம் பேசியது. குகதாசனின் வாய் பிளந்தது.

"நான் அனுப்பினதை நீங்கள் திறந்தே பாக்கேல்லை. படம் ஏறின அண்டு காலமையே இறக்கிப்போட்டு அதைத்தான் பாத்தனீங்கள். மத்தியானம் முகம் மறைச்சது உங்களுக்குத் தெரியாது. ஊரே கண்ணீரைப் பாத்ததெண்டு நினைச்சுக்கொண்டு என்னட்டை ஒப்பாரி வைக்கிறீங்கள். மச்சான்ரை களவெண்டு அதை ஆருக்கும் ஏத்திக் குடுத்திருக்கவும் மாட்டீங்கள். இந்த ஊரிலை அந்த முகத்தைப் பாத்தது நானும் நீங்களும்தான். நான் டீசல் ஊத்தேல்லை."

அவன் தலை தொங்கியது. "டிப்பர் நிண்டா எங்கட குடும்பம் என்னத்தைத் தின்னுறது?"

"அவா என்னத்தையடா குடிக்கிறது?" இவ்வளவு நாளும் அண்ணை என்று அழைத்த வாய்தான். கடையே திரும்பிப் பார்த்தது.

தேனுகா பொலிசுக்குச் சொல்லி, றிஸ்பாவையும் வரச் சொன்னாள். பொலிஸ் வர முன்னமே ஓட்டோவில் வந்து இறங்கினாள் றிஸ்பா. விசயத்தைக் கேட்டு அழவில்லை.

"மன்னியுங்கோ ராத்தா. குழுவிலையிருந்து படத்தைத் தூக்கிறன்" என்றாள் தேனுகா.

"தூக்குவியோ? தூக்கினா டீசல் ஊத்தினவன் வெண்டான்." றிஸ்பா கதிரையை இழுத்துக் குகதாசனுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள். "என்ர முகம் இவன்ர கொம்பியூட்டருக்குள்ளை இருக்குத்தானே? பொலிஸ் வாறதுக்குள்ளை அதை மகள்ர போனிலை போடடா. இண்டைக்கு முகம் மறைக்காத அந்தப் படத்தை அனுப்பு மகள். ஆரின்ர கிணறெண்டு எல்லாரும் பாக்கட்டும்."