பாதையோரத்து உடைப்பு

"என் வீட்டுக்காரர் செத்ததுக்கு உங்ககிட்ட அழ வரலைங்க. அதை நானே அழுதுக்குவேன்," என்றாள் அந்தப் பெண், காட்டிய நாற்காலியில் உட்காராமலே. "தன் தம்பி வயல் கரையை வெட்டப் போய்த்தான் முந்தாநாள் மழைத் தண்ணியில மாட்டினார்னு ஊரே பேசுது. நான் கடைக்குப் போனா பேச்சு நின்னுடுது. அவர் வெட்டினாரா, இல்லையா? அது தெரிஞ்சா போதும்."

"பங்காளித் தகராறு சார், சந்தேகமே இல்ல!" என்றான் துப்பறிவாளரின் உதவியாளன். ஒல்லி உடம்புக்காகக் குண்டூசி என்று பெயர் வாங்கியவன்.

"அவங்க இன்னும் உட்காரவே இல்லப்பா. அதுக்குள்ள தீர்ப்பா?" என்றபடி அவர் செருப்பை மாட்டினார்.

சில மாதங்களுக்கு முன் வெள்ளம் வந்து வயல்களின் கரைகளை அரித்துப் போனது. உடனே மேடை போட்டு, மாலை போட்டு, கதவளவு காசோலையோடு படம் எடுத்து, 'அவசர நிலப் பாதுகாப்பு உதவித்தொகை' அறிவிக்கப்பட்டது. அவசரம் பெயரோடு சரி. அதிகாரி பார்வையிட வருவதற்குள் அண்ணனும் தம்பியும் சேர்ந்து தம்பி வயலின் கரையைக் கட்டி முடித்திருந்தார்கள். முந்தாநாள் பெய்த மழையில் அந்தக் கரை உடைந்திருந்தது. உடைப்பில் அண்ணன் பிணமாகக் கிடந்தார்.

வயலோரத்தில் உதவித்தொகை அதிகாரி ஜீப்புக்குள்ளேயே காத்திருந்தார். சட்டை மடிப்பு கலையவில்லை. "சதின்னு அறிக்கை எழுதிட்டேன். செத்தவரோட மண்வெட்டி பக்கத்துலயே கிடந்துச்சே!"

சற்றுத் தள்ளி நின்ற தம்பி தலை நிமிரவில்லை.

"வேற என்ன கிடந்துச்சு?"

"ஒரு சாக்கு," என்றாள் அந்தப் பெண். "பாதி மண்ணு ரொப்பியிருந்துச்சு. அதோட வாயை அவர் கையிலருந்து பிரிச்சுதான் எடுத்தாங்க."

உடைப்புக்குப் பக்கத்தில், வெட்டிய மண் பாதையோரம் குவிந்திருந்தது. துப்பறிவாளர் அதைக் கிளறினார். அடியிலிருந்த புல் வெளிறி மஞ்சளாகியிருந்தது.

"முந்தாநாள் மூடின புல்லு இப்படி ஆகாது. மழைக்குப் பல நாள் முன்னாடியே வெட்டியாச்சு. சரி, வயலை அழிக்க நினைக்கிறவன் எங்க வெட்டுவான்?"

"பள்ளத்துல. அந்த மூலையில," என்றான் குண்டூசி. "இது மேடாச்சே சார்!"

"மேடுதான். ஆனா பாதையோரம். சார், முதல் தடவை வந்தப்ப ஜீப்பை விட்டு இறங்கினீங்களா?"

"எதுக்கு? பாதையிலருந்து தெரியறதை எழுதுவோம். இவங்க கரையில சேதமே தெரியல. கட்டி முடிச்ச கரைக்குத் தொகை கிடையாது. சேதத்தைக் காட்டினா மறுபடி பார்க்கிறேன்னு சொன்னேன். போன வாரமே வந்திருக்கணும். டீசலுக்கு அனுமதி வரல."

"டீசல் வரல. மழை வந்துடுச்சு." துப்பறிவாளர் தம்பியின் பக்கம் திரும்பினார். "அழிக்கறதுக்கு வெட்டின வெட்டு இல்லப்பா இது. ஜீப்புல உட்கார்ந்திருக்கிறவர் கண்ணுக்குத் தெரியணும்னு வெட்டினது. மழை வந்ததும் உங்க அண்ணன் அதை அடைக்கத்தான் சாக்கோட ஓடியிருக்கார்."

தம்பி மண்ணில் உட்கார்ந்தான். "உடனே கட்டினது தப்பாப் போச்சுங்க. சும்மா கிடந்தவனுக்கெல்லாம் கிடைச்சுது. சார் பார்த்துட்டுப் போனதும் அடைச்சுடலாம்னு... அண்ணனுக்கு நான் சொல்லவே இல்ல."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப அறிக்கையைத் திருத்தணும். மேலிடத்துல அனுமதி..."

அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. தம்பி அண்ணியின் காலடியில் விழுந்து கதறினான்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள் அவள், அவனைப் பார்க்காமல்.

துப்பறிவாளர் உடைப்பைப் பார்த்தார். "சேர்ந்து கட்டின கரையாச்சேம்மா. தம்பி வெட்டு அண்ணனுக்குத் தெரியாதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்கிட்ட அழாதே, தம்பி. எந்தெந்த வீட்டுல அவர்தான் கரையை வெட்டினார்னாங்களோ, அங்க போய் அழு."

அவன் எழுந்து தெருவுக்கு நடந்தான். முதல் வீட்டுக் கதவு திறந்தது. அவன் ஓர் அடி பின்வாங்கினான்.

பின்னாலேயே வந்து நின்றவள் சொன்னாள்: "சொல்லு."