போதும்பொண்ணு: பொருள், தோற்றம், புழக்கம்

செவ்வாயின் நான்காம் கூடத்தில் குழந்தை பிறப்பதற்கு எட்டு வாரம் முன்பே அதற்குப் பெயர் வைத்தாக வேண்டும். குழந்தை வளரும் கருப்பேழையைத் திறக்கும்போது மூச்சுப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்குரிய காற்றைக் கூடம் விடுவிக்காது. அதனால் பெயரகத்தில் எப்போதும் கூட்டம். வருகிறவர்கள் ஆண்பெயர் ஒன்று, பெண்பெயர் ஒன்று என்று இரண்டு எழுதிக்கொண்டு வருவார்கள். பேழைக்குள் இருப்பது எது என்பதைப் பெயர்நாள் நண்பகலில்தான் சொல்வார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள முயல்வது குற்றம். தேர்ந்தெடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். முதல் குடியேற்றத்தார் எதற்காக இப்படியொரு சட்டம் போட்டார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை.

தங்கள் பெயர்நாள் காலையில் வந்த போதும்பொண்ணும் அவள் கணவன் அழகரும் ஒரே ஒரு பெயர்தான் கொண்டு வந்திருந்தார்கள்.

அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு பையன்கள், பூவரசனும் வழுதியும். நல்ல பையன்கள்தான். ஆனால் காற்றின் பங்கு எல்லாருக்கும் ஒன்றுதான்; ஆணுடலோ அதிகம் மூச்சிழுக்கும். பெண் பிறந்த வீட்டில் மாதாமாதம் கொஞ்சம் காற்று மிஞ்சும். மிஞ்சிய காற்றில் விருந்தாளிகளைக் கூப்பிடலாம். இவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து ஏழு ஆண்டு ஆகிவிட்டது. அழகரின் அக்கா வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போவாள். போகும்போது, "ஒரு பொண்ணாவது வேண்டாமா?" என்று மறக்காமல் கேட்பாள்.

பெண் பிறந்தால் தன் பெயரையே வைப்பது என்று போதும்பொண்ணு முடிவு செய்திருந்தாள். கூடத்தின் பெண்பெயர்களில் அதுதான் முதலிடம். பெயரகத்தின் பெயர்ப்பொறி அதற்குக் கொடுத்திருந்த பொருள்: 'நிறைவானவள், இருப்பதே போதும் என்று வாழ்பவள்.' காற்றும் நீரும் அளந்து கிடைக்கும் இடத்தில் அதைவிட உயர்ந்த குணம் கிடையாது. ஆறாம் பாசித் தொட்டியில் வேலை பார்க்கும் அவள், புதிதாக யாரைச் சந்தித்தாலும் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்பாள், பொருள் அவர்களுக்கு உறைக்கட்டும் என்று.

"ஒரு சின்ன சிக்கல்," என்றார் பதிவாளர் மரகதவல்லி. ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்த அந்த அம்மாள் எந்தச் சிக்கலையும் சின்னது என்றே சொல்வார். "பொருள் இருக்கு. புழக்கம் இருக்கு, இருநூத்திப் பன்னிரண்டு பேர். தோற்றம்தான் 'தெரியவில்லை'ன்னு கிடக்கு. புது விதிப்படி மூணும் இருந்தாத்தான் மறுபடி வைக்க முடியும்."

"இவ்வளவு பேர் வச்சிருக்காங்களே அம்மா?"

"அவங்கள்லாம் பழைய விதி. பூமிக் காப்பகத்தைக் கேட்டுப் பாத்துடலாம். போய் வர நாப்பது நிமிஷம். நண்பகலுக்குள்ள வந்துடும்."

கேள்வி போயிற்று. மூவரும் பாசிக்கஞ்சி குடித்தார்கள். தன் பெயர் ஏதோ அரசி வைத்திருந்த பெயராக இருக்கும் என்று போதும்பொண்ணு சொன்னாள். துறவியாக இருக்கும் என்றான் அழகர்.

வந்தது ஓர் ஒலிப்பதிவு. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி ஊர் ஊராகப் போய்ப் பெயர்க்காரணம் கேட்டுப் பதிந்தது. பின்னணியில் ஏதோ ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பேசிய பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கலாம்.

"என் பேரு போதும்பொண்ணு. எனக்கு மூத்தது மூணும் பொண்ணு. நான் நாலாவது. நர்ஸம்மா வந்து பொண்ணுன்னதும் எங்கப்பா 'போதும் பொண்ணு'ன்னுட்டு வெளிய போயிட்டாராம். அதையே பேரா வச்சுட்டாக. அப்படி வச்சா அடுத்தது பையனாப் பொறக்கும்னு நம்பிக்கை."

"பொறந்துச்சாக்கா?" என்றது மாணவியின் குரல்.

"பொறந்தான். நடுவுல ரெண்டு பொண்ணுக்கு அப்புறம். ஒருத்தி பேரு 'வேண்டாம்'. இன்னொருத்திக்குப் பேரு வைக்கவே மறந்துட்டாக. பள்ளிக்கூடத்துல சேக்கயில டீச்சரம்மாதான் வச்சாக." அந்தப் பெண் சிரித்தாள். பதிவு முடிந்தது.

போதும்பொண்ணு இரண்டாம் முறை போடச் சொன்னாள். பிறகு மூன்றாம் முறை.

"இது பேரே இல்ல," என்றாள் கடைசியில். "ஒரு ஆளைப் பாத்து, நீ வந்திருக்கக் கூடாதுன்னு சொல்றது. தினம் தினம் கூப்பிட்டுச் சொல்றது."

அவள் அழுதாள். கூடத்தில் அழுகைக்கு மூச்சு அதிகம் செலவாகும் என்பதால் பொது இடத்தில் யாரும் அழுவதில்லை. மரகதவல்லி கதவைச் சாத்தினார்.

அழகர் பொறியிடம் திரும்பினான். "அவங்களுக்குப் பையன் எதுக்கு? அங்கதான் காத்து இலவசமாச்சே."

"ஆவணங்களில் இரண்டு காரணங்கள் அடிக்கடி வருகின்றன," என்றது பெயர்ப்பொறி. "ஒன்று, பெற்றோர் இறந்ததும் உடலுக்கு நெருப்பு வைக்க."

"நெருப்பா? வீட்டு ஆளுங்களுக்கா?" கூடத்தில் குழந்தைகள் முன் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள்.

"இரண்டு, முதுமையில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள."

"பாத்துக்கிட்டாங்களா?"

"முதியோர் இல்லங்களைப் பற்றிய ஆவணங்கள் தனித் தொகுதியாக உள்ளன. அனுப்பட்டுமா?"

"வேண்டாம்," என்றான் அழகர். "காட்டுமிராண்டிங்க."

மரகதவல்லி தொண்டையைச் செருமினார். "சின்ன சிக்கல். இதைத் தோற்றத்துல ஏத்தினா இழிபொருள் விதி வந்துடும். பேரை மூடணும். இருநூத்திப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, உங்க பேருக்கு இதுதான் அர்த்தம், வேற பேர் வச்சுக்குங்கன்னு நான் சொல்லணும். உங்களையும் சேத்து."

"சொல்லுங்க," என்றாள் போதும்பொண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டே. "எல்லாருக்கும் தெரியட்டும். பிள்ளைங்களைப் பெத்து வச்சுக்கிட்டு, அதுல ஒண்ணை வேண்டாம்னு சொன்ன ஆளுங்களோட பேரு எங்களுக்கு எதுக்கு?"

அப்போதுதான் நண்பகல் மணி அடித்தது. பேழைக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. எடை சரி, துடிப்பு சரி, ஆண்.

அழகர் விரல்விட்டு எண்ணுவதுபோல் மூன்று விரல்களைப் பார்த்தான். ஒரு குடும்பத்துக்கு நான்கு பேழைகள்தான். இன்னும் ஒன்று பாக்கி.

"அப்ப அந்த விண்ணப்பமே தேவையில்லை," என்றார் மரகதவல்லி. அவர் குரலில் இருந்த நிம்மதியை மறைக்க முடியவில்லை. "தோற்றம் 'தெரியவில்லை'ன்னே கிடக்கட்டும். ஆண்பெயர் சொல்லுங்க."

அவர்களிடம் ஆண்பெயர் இல்லை. போதும்பொண்ணு பொறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரோ வேறு ஒருவருக்காகக் கேட்பதுபோல் கேட்டாள்: "அந்த முறை... பலிச்சுதா?"

"காப்பகத்தில் உள்ள ஆயிரத்து நூற்று நாற்பது குடும்பங்களில், அப்படிப் பெயர் வைத்த பின் அடுத்ததாக ஆண் பிறந்தது ஐந்நூற்று எண்பத்து மூன்றில். அதாவது ஐம்பத்தொரு சதவீதம். பெயர் வைக்காத குடும்பங்களிலும் இதே ஐம்பத்தொரு சதவீதம்தான்."

"பாதிக்கு மேல," என்றான் அழகர்.

"ஆமா, பாதிக்கு மேல," என்றாள் அவள்.

பொறி மேலும் விளக்கம் தர முன்வந்தது. அவர்கள் கேட்கவில்லை.

"போதும்பையன்," என்றாள் போதும்பொண்ணு.

மரகதவல்லியின் கை நின்றது. "இப்பத்தானே அம்மா அழுதீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அவங்க பொண்ணு வேண்டாம்னு வச்சாங்க. நாங்க என்ன பையன் வேண்டாம்னா சொல்றோம்? போதும்னுதானே சொல்றோம்."

முப்பத்தெட்டு ஆண்டுகளில் மரகதவல்லி எந்தப் பெற்றோரோடும் வாதாடியதில்லை. பெயரை ஏற்றினார். பொறி ஒரு நொடியில் பொருள் கொடுத்தது: 'நிறைவானவன்; இருப்பதே போதும் என்று வாழ்பவன்.' தோற்றம் என்ற இடத்தில் 'பூமியின் தொன்மரபு' என்று எழுதிக்கொண்டது. புழக்கம்: ஒன்று.

இரண்டு ஆண்டு கழித்து நான்காவது குழந்தை பெண்ணாகப் பிறந்தது. மாதுளை என்று பெயர் வைத்தார்கள். அழகரின் அக்கா பல ஆண்டுக்குப் பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போய் எல்லாரிடமும் சொன்னாள், எப்படி நடந்தது, முன்னவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று. அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில் கூடத்தில் நூற்று அறுபது போதும்பையன்கள் பிறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தங்கை பிறந்தாள். மற்ற வீட்டார் பெயரைச் சரியான உச்சரிப்பில் வைக்கவில்லை என்று கூடத்தார் பேசிக்கொண்டார்கள்.

மூத்த போதும்பையன் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், அவரவர் பெயரின் பொருளை அறிந்துவரச் சொன்னார்கள். அவன் பொறியிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். இரவு உணவுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மாதுளை அம்மாவின் மடியில். அவன் எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தான்.

"போதும்பையன். நிறைவானவன். நான் இருந்தாலே போதும்னு அர்த்தம்."

அண்ணன்கள் இருவரும் கைதட்டினார்கள். அழகரும் தட்டினான். பையன் உட்காரவில்லை. எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல் தங்கையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"நானே போதும்னா, அப்புறம் பாப்பா எதுக்கும்மா?"

போதும்பொண்ணு மடியிலிருந்த குழந்தையின் வாயைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த வாய்தான்.

"கேட்டது போதும்," என்றாள். "உக்காந்து சாப்பிடு."