ஏழாம் மாடி மாதிரி வீடு

மாலை 3.40. சாப்பாட்டு மேஜைமேல் இருந்த பென் டிரைவைக் காணவில்லை.

"யாரும் அசையக் கூடாது" என்றார் கடன் அதிகாரி. வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் அவருக்கு வேலை. அங்கே இருப்பது ஒரே ஒரு இன்டர்ன்ஷிப் இடம். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் மூன்று பேர், மூவரும் ஒரே வகுப்பு. பாதி கட்டிய இந்தக் கட்டடத்துக்கு அடுத்த தவணைக் கடனைக் கொடுக்கலாமா, வேண்டாமா? இதுதான் தேர்வு. அதிகாரியின் விடை அந்தப் பென் டிரைவில் இருந்தது.

தேர்வு நடந்தது ஏழாம் மாடியில், வாங்க வருகிறவர்களை மயக்குவதற்கென்றே ஜோடித்து வைத்த மாதிரி வீட்டில். டிவி அட்டை. ஆப்பிள் மெழுகு. அலமாரிப் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான் உண்டு. ஆரம்பத்திலேயே கையில் டீயைக் கொட்டிக்கொண்ட அதிகாரி சமையலறைக்கு ஓடி, போன வேகத்தில் திரும்பி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பையன்கள் இருவரும் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஒருவன் 'கால்குலேட்டர்'. டீக் காசைக்கூடப் பங்கு பிரித்துத்தான் கொடுப்பான். இன்னொருவன் 'மாப்பிள்ளை', எப்போதும் கோட்டும் சூட்டும். மகனுக்கு இடம் கிடைத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்ட அவன் அப்பா, கீழே கேட்டருகே காரில் காத்திருந்தார். மூன்றாவது ஆள் 'வக்கீல்'. எதையும் குறுக்குக் கேள்வி கேட்காமல் நம்பாத பெண் என்பதால் வகுப்பு வைத்த பெயர். இன்டர்ன்ஷிப் இல்லாமல் பட்டம் கிடையாது. அவள் கதவு கதவாகத் தட்டியதில் திறந்தது இது ஒன்றுதான்.

படுக்கையறையில் இருந்த பைகளை அதிகாரி கவிழ்த்தார். வக்கீலின் பையிலிருந்து பென் டிரைவ் விழுந்தது.

"நான் எடுக்கல சார்!"

"அப்போ கால் முளைச்சு நடந்து வந்துச்சா?" அவர் போனை எடுத்தார். "செக்யூரிட்டி, மேல வாப்பா. ஒரு திருட்டு." அவளிடம் திரும்பினார். "உன் காலேஜுக்கும் சொல்லிடறேன்."

அவள் வாசலைப் பார்த்தாள். கதவு பூட்டியிருக்கிறது, சாவி அவர் பையில், பழி தன் தலையில். கீழே கட்டட வேலைக் கூண்டு லிப்ட் முனகிக்கொண்டு கிளம்பிய சத்தம் கேட்டது. அது மேலே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

"அது வர்றதுக்குள்ள ரெண்டு கேள்வி கேட்டுக்கட்டுமா சார்?"

"கேளு."

"நீங்க போன் பேசப் பால்கனிக்குப் போனப்போ பென் டிரைவ் மேஜையில இருந்துச்சா?"

"இருந்துச்சு. வந்து பார்த்தா இல்ல."

அவள் கால்குலேட்டரிடம் திரும்பினாள். "அப்போ நீ எங்க இருந்த?"

"சின்ன ரூம்ல அளந்துட்டிருந்தேன். கட்டில் அஞ்சடிதான். ரூம் பெருசாத் தெரியணும்னு குட்டியாச் செஞ்சு வச்சிருக்காங்க."

அதிகாரி டேப்பை வாங்கிப் போய் அளந்தார். ஐந்தடிதான்.

"மாப்பிள்ளை, நீ?"

"பாத்ரூம்ல. தலைவலி. முகம் கழுவிட்டு வந்தேன்."

"தண்ணி ஜில்லுனு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு கை அள்ளி அடிச்சதும்தான் தெளிஞ்சுது. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"சார், அந்தக் குழாயைத் திறந்து பாருங்க."

அதிகாரி நகரவில்லை. டீக்கறை படிந்த கைக்குட்டையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"வராது" என்றார். "சமையலறைக் குழாயை நானே திருகினேன். காத்துதான் வந்துச்சு."

"பாத்ரூமுலயும் அதேதான் சார். நான் வந்ததும் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்துட்டேன். இந்த வீட்டுல சொட்டுத் தண்ணி கிடையாது. முகம் கழுவினேன்னு சொல்றவன் பாத்ரூம் பக்கமே போகல. மேஜைகிட்ட இருந்திருக்கான்."

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது.

"விடையை மட்டும் பார்த்துட்டு வச்சிடலாம்னுதான் எடுத்தேன்" என்றான். "அதுக்குள்ள சார் பேசி முடிச்சிட்டார். உன் பைதான் திறந்து கிடந்துச்சு. அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டார்டீ... நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?"

அதிகாரி வக்கீலிடம் மெல்லக் கேட்டார்: "குழாயை எதுக்கும்மா திறந்து பார்த்த?"

"எல்லா மாடிக்கும் தண்ணி இணைப்பு முடிஞ்சதுன்னு சொல்லித்தானே சார் தவணை கேக்கறாங்க? மாதிரி வீட்டுல மட்டும் இல்லாம இருக்கலாமேன்னு சமையலறை ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். மெயின் குழாயே நாலாம் மாடியோட நிக்குது. கொடுக்க வேண்டாம்னு எழுதியிருக்கேன்."

அதிகாரி பென் டிரைவைக் கையில் உருட்டினார். "நான் கொடுக்கலாம்னு எழுதியிருக்கேன். குழாயைத் திருகியும் எனக்குத் தோணல பாரு." சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்துடு." பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "உன் விஷயத்தை நான் காலேஜுக்குச் சொல்லித்தான் ஆகணும்."

படிக்கட்டு வேலை இன்னும் முடியாததால் இறங்குவதற்கு அந்தக் கூண்டை விட்டால் வேறு வழியில்லை. செக்யூரிட்டியோடு ஐந்து பேரும் தோள் இடிக்க நின்றார்கள். கூண்டு ஊர்ந்தது. மாப்பிள்ளை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். வக்கீலுக்கு அவன்மேல் கோபம் இன்னும் கொதித்தது, ஆனாலும் கம்பி வழியே அந்தக் காரும், அதன் பக்கத்தில் நின்று அண்ணாந்து கையசைக்கும் மனிதரும் அவளுக்குத் தெரிந்தார்கள்.

அவள் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இப்பவாவது முகத்தைக் கழுவு. கீழ உங்கப்பா நிக்கிறார்."