மருந்து கலந்த காப்பி

குறட்டைச் சத்தம் கேட்டதும் சசிரேகாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஏ ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, மூன்று மணி வெயிலில் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். உள்அறையிலிருந்து அடித்தொண்டையில் இழுத்து இழுத்து வந்தது சத்தம். அப்பாடா, தம்பி தூங்குகிறான், மருந்து பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத் திரையை விலக்கினாள். ராஜசேகர் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்களை அகல விழித்தபடி உட்கார்ந்திருந்தான். உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று அவளுக்குச் சைகை காட்டினான்.

திரையை விட்டுவிட்டு வந்து முகம் கழுவினாள். வடக்குப்பட்டில் அவர்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டியே ஒரு கம்பெனியின் மதில். உள்ளே பிரஸ் ஒன்று இரவும் பகலும் இரும்புத் தகட்டை அடித்துக்கொண்டே இருக்கும். அடுப்பங்கரைப் பாத்திரமெல்லாம் அதற்கேற்ப அதிரும். எது வீட்டுச் சத்தம், எது கம்பெனிச் சத்தம் என்று பிரிக்கவே முடியாது. அதில்தான் ஏதோ ஒன்று இப்படிக் கேட்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் அக்காவும் தம்பியும்தான். இருங்காட்டுக்கோட்டையில் டிரெய்னியாக இருந்தவன், பொங்கல் முடிந்து ஒருநாள், உள்அறையில் இன்னொருத்தன் இருக்கிறான், அவனைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது என்று உட்கார்ந்துவிட்டான். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பினான். ஊசி போட வந்தவரின் கையைக் கடித்தான். கடைசியில் டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. டீயில் மட்டும் கலக்காதீர்கள், காப்பியில் கலந்து கொடுங்கள் என்றார். ஏமாற்றிக் கொடுக்கிறோமே என்று முதல் நாள் கை கூசியது. பிறகு கூசவில்லை.

ஆறு வாரம் ஆகிவிட்டது. இந்த மருந்துக்குத் தூக்கம் வரும், உடம்பு போடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவனோ பொட்டுத் தூக்கம் இல்லாமல் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தான். ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று கேட்டார் டாக்டர். காலி டம்ளரை நான்தானே கழுவுகிறேன் என்றாள். அளவைக் கூட்டிக் கொடுத்து, பொறுமையாக இருங்கள் என்றார். பாப்பம்மாள் அத்தை மூன்று அமாவாசை கோயிலில் படுக்க வைக்கச் சொன்னாள். கம்பெனி நர்ஸ் மனநல ஆலோசனைக்கு என்று ஒரு போன் நம்பர் கொடுத்தாள். அதில் பேசிய பெண், இவளை மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னாள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தரும் ஒரு நாள் வந்து அவனோடு இருக்கவில்லை.

வியாழக்கிழமை லைனில் நின்றபடியே கண் அசந்துவிட்டாள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தால் தம்பி அதே சுவர், அதே முழி. அவளுக்கு வெறுத்துவிட்டது. விழலுக்கு இறைத்த நீர் என்று வாய்விட்டே சொன்னாள். பாட்டில் அடியில் ஒரு வேளைக்கு இருந்தது. அதை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு வெறும் காப்பியைக் கொடுத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

வெள்ளிக்கிழமை அந்தக் குறட்டை விட்டுவிட்டு வந்தது. சனிக்கிழமை அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது உள்ளே யாரோ புரண்டு படுத்ததும், பாய் நெரிந்ததும், பிறகு ஒரு வறட்டு இருமலும் கேட்டன. தம்பி அப்போது கொல்லையில் இருந்தான். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. வாயைத் திறந்துகொண்டு நாள்கணக்கில் தூங்கினவனின் தலையணை வாடை. அவள் போய்ப் பார்க்கவில்லை. பயம் என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. அலுப்பு என்று சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. பிரஸ் ஓடவில்லை. நான்கு மணிக்கு அடுப்பில் பால் பொங்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. ராஜசேகர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, மூணு நாளா மருந்து போடலியா நீ?"

கரண்டி கையிலேயே நின்றது. எந்த மருந்து என்று கேட்டாள்.

"காப்பியில போடுவியே. நம்ப வூட்ல என்னிக்குக்கா காப்பி குடிச்சோம்? டீதானே. நீ காப்பி போட்ட அன்னிக்கே எனுக்குத் தெரியும்."

தெரிந்தும் ஏன் குடித்தாய் என்றாள்.

"நான் குடிக்கல. அவனுக்குக் குடுத்தேன். அதான் தூங்கிகினு இருந்தான். இப்ப அவனுக்கு முழிப்பு வந்துகினு கீதுக்கா. இன்னிக்கு ஒரு வேளை அவனுக்குக் குடுத்துடு. நாளைலேர்ந்து நான் மாத்திர போட்டுக்கறேன். ஊசி வேணாலும் போட்டுக்கறேன்."

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம்தான். ஆறு வாரம். அத்தனை மருந்தும் எந்தச் சாக்கடையில் போனதோ. அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை காப்பியில் கவிழ்த்தாள். அவன் ஆசையாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு உள்அறைப் பக்கம் திரும்பினான். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"நீ குடி. என் கண்ணு முன்னாடி குடி."

அவன் கண் கலங்கியது. "நான் தூங்கிட்டா அவன யாருக்கா பாத்துப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன்டா."

நிஜமாகவா என்பது போல அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு குடித்தான். முழுவதும் குடித்தான். கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்த அவளுடைய வலது தொடையில் தலையை வைத்துப் படுத்தான். அரை மணி நேரத்தில் கை தளர்ந்தது, வாய் லேசாகத் திறந்தது. இரண்டு மாதத்தில் முதல் தூக்கம். அவன் முடியைக் கோதியபடி சசிரேகா அழுதாள். கஷ்டத்துக்கு விடிந்துவிட்டது என்று நினைத்து, சந்தோஷத்தில்தான் அழுதாள்.

அப்போது உள்ளே யாரோ கொட்டாவி விட்டார்கள்.

நீளமான கொட்டாவி. கடைசியில் ஒரு சின்ன முனகல். பிறகு விரல்களுக்குச் சொடக்கு எடுக்கும் சத்தம். ஒன்று. இரண்டு. பத்தோடு நிற்கவில்லை.

பாயை உதறினார்கள். சுருட்டினார்கள். சுவரோரம் சாத்தினார்கள்.

"சேகரு," என்று உலுக்கினாள். தலை ஆடியது. கன்னத்தில் தட்டினாள். அடித்தாள். அவன் எழவில்லை. எழுந்து ஓடலாம். அவனை யார் தூக்குவது?

திரை வளையங்கள் கம்பியில் நகர்ந்தன.

கண்ணை மூடிக்கொண்டாள். தரையில் காலடி. ஈரக்கால் போலச் சப்பென்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அவசரமே இல்லை. அந்தத் தலையணை வாடை. அவள் பக்கத்தில் வந்து நின்றது. மூட்டு மடங்கும் சத்தம்.

இடது தொடையில் இன்னொரு தலை இறங்கியது. கனமாக. சூடாக.

அது இடம் பார்த்துச் சரிந்து படுத்தது. அவள் கையை எடுத்துத் தன் முடிமேல் வைத்துக்கொண்டது. கை முடியிலிருந்து நெற்றிக்கு வழுக்கியது. உள்ளங்கைக்குக் கீழே இமைகள் தட்டுப்பட்டன.

இரண்டும் திறந்திருந்தன.